எண்ணூறு என்று எழுதியிருந்த ஆறு அம்புகள்

ஷார்ஜா தொழில்பேட்டையில் கேபிள் ட்ரே செய்யும் ஃபேக்டரி ஒன்றில் எனக்கு வேலை. கேபிள் ட்ரே என்றால் பெரிய கட்டடங்களின் கூரைக்கு அடியில் ஒயர்களைச் சுமந்துகொண்டு போகும் தகர ஏணி. அதன் மேல் எடை ஏற்றி, நடுவில் எவ்வளவு தொய்கிறது என்று அளந்து, பாஸ் அல்லது ரிஜெக்ட் என்று கையெழுத்துப் போடுவது என் டூட்டி. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஒரு பொருள் எவ்வளவு தொய்யும் என்ற விஷயத்தில் தப்புப் பண்ணவே கூடாத ஆள் நான். அதில்தான் பண்ணினேன்.

அல் ஐனில் அபாயா, அதாவது அரபிப் பெண்கள் மேலே போடும் கறுப்பு அங்கி, தைக்கும் ஒரு கடையில் கட்டிங் மாஸ்டராக இருப்பவர் என் நண்பர். ராமநாதபுரம் பக்கத்துக் கடற்கரை ஊர்க்காரர். என்னைவிட ஆறு வயது மூத்தவர். முன்பு ஷார்ஜாவில் ஒரே ரூமில் பக்கத்துப் பக்கத்துக் கட்டிலில் இருந்தோம். எல்லாரும் அவரை மாஸ்டர் என்பார்கள், நானும் அப்படியே. அவர் என்னை இன்ஜினியரே என்பார். அதில் பாதி மரியாதை, பாதி கிண்டல்.

அவர் அல் ஐனுக்கு மாறிப்போன பிறகு, பார்க்கப் போன ஒரு லீவு நாளில், ஊருக்கு வெளியே இருந்த ஷூட்டிங் கிளப்புக்குச் சும்மா வேடிக்கை பார்க்கப் போனோம். அங்கே வில்லுக்கென்று தனித் திடல். மணல்மேட்டுக்கு முன்னால் ரப்பர் நுரையில் செய்த மான், காட்டுப்பன்றி, நீளக் கொம்பு ஓரிக்ஸ் எல்லாம் வரிசையாக நின்றன. இந்த நாட்டில் நிஜ வேட்டைக்குப் போனால் ஜெயில். நுரை மானை எத்தனை தடவை கொன்றாலும் ஒருவரும் கேட்கமாட்டார்கள். அன்றைக்கே இருவரும் மாட்டிக்கொண்டோம். இரண்டு மாதத்தில், நாடு திரும்பிக்கொண்டிருந்த சிரியாக்காரர் ஒருவரிடமிருந்து மாஸ்டர் ஒரு பழைய பாணி வேட்டை வில்லை வாங்கிவிட்டார். சக்கரம் கிடையாது, குறிபார்க்கும் கருவி கிடையாது. மரத்தின் மேல் கண்ணாடி இழை ஒட்டிய வில், ஒரு நாண், அவ்வளவுதான். கிளப் விதிப்படி அது அங்கேயே லாக்கரில் இருக்கும். வில்லின் கீழ்ப்பாதியில் மையால் ஐம்பது பவுண்டு என்று எழுதியிருந்தது, நாணை இழுக்கத் தேவையான பலம். மாஸ்டருக்கு நீளக் கை. அவர் இழுக்கும் இழுப்பில் அது ஐம்பத்தைந்துக்கு வந்துவிடும்.

அவர் அம்பு விடுவார், நான் அதைப் பற்றிப் படிப்பேன். இதுதான் எங்களுக்குள் இருந்த பங்கு. எதையாவது பிடித்துக்கொண்டால் மூன்றே நாளில் அதன் மேல் இருக்கிற எல்லா வீடியோவையும் பார்த்துவிடும் ஆள் நான். பார்த்து முடிப்பதற்குள் எல்லாம் தெரிந்துவிட்ட மாதிரி இருக்கும்.

அந்த வீடியோக்களில் ஒன்றை என்னால் மறக்க முடியவில்லை. நாணை விட்டதும் அம்பு நேராகப் போவதாகத்தான் நினைத்திருந்தேன். மெதுவாக ஓட்டிக் காட்டினால் தெரிகிறது: பின்னாலிருந்து நாண் தள்ளுகிறது, முன்னால் முனையின் கனம் தயங்குகிறது, நடுவில் தண்டு வளைகிறது. வளைந்து, வில்லின் பிடியைச் சுற்றிக்கொண்டு, மறுபக்கம் வளைந்து, விரால் மீன் மாதிரி நெளிந்துகொண்டே போகிறது. எவ்வளவு வளையலாம் என்பது வில்லின் பலத்தைப் பொறுத்தது. தண்டு விறைப்பாக இருந்தால் அம்பு ஒதுங்கிப்போகும், இலக்கு தப்பும். அதோடு சரி. விறைப்பு குறைவாக இருந்தால் வளைவு கட்டுக்கு அடங்காது. ரொம்பவும் குறைவாக இருந்தால், வில்லை விட்டு வெளியேறுவதற்குள்ளேயே உடையலாம். முன்பாதி உடைந்தது பின்பாதிக்குத் தெரியாது. நாண் அதைத் தள்ளிக்கொண்டேயிருக்கும். அந்தப் பின்பாதி போய் ஏறுகிற இடம், வில்லைப் பிடித்திருக்கும் இடது கை.

கிளப் வரவேற்பு மேஜைக்குப் பின்னால் இதற்கென்றே ஓர் எக்ஸ்ரே படத்தை மாட்டியிருந்தார்கள். யாருடைய கையோ. கட்டைவிரலின் அடியில் சதை இருக்க வேண்டிய இடத்தில் பத்துப் பன்னிரண்டு வெள்ளைக் கோடுகள். கார்பன் சிலாம்புகள். சில கோடுகள் எலும்பைத் தாண்டி மறுபக்கம் வந்திருந்தன. உள்ளே போகும்போதெல்லாம் வேண்டாம் வேண்டாம் என்று நினைத்துக்கொண்டே அதைப் பார்ப்பேன்.

மாஸ்டரின் இடது கையைப் பற்றியும் சொல்ல வேண்டும். ஒரு தடவை அவர் கடையில் நின்று வேடிக்கை பார்த்தேன். கறுப்புத் துணியை நாற்பது மடிப்பாக அடுக்கி, மேலே சாக்பீஸ் கோடு போட்டு, கட்டிங் மெஷினை வலது கையால் தள்ளிக்கொண்டு போனார். இடது கை கத்திக்கு முன்னால் துணியின் மேல் விரிந்து ஊர்ந்தது.

"வெட்டுறது இதுன்னு எல்லாரும் வலது கையப் பாப்பாங்க," என்றார். "வேலை பாக்குறது இடது கைதான் இன்ஜினியரே. நாப்பது துணியும் ஒரு நூல் நகராமப் புடிக்கணும். இது இல்லன்னா நான் வெறும் சாக்பீஸு."

அந்த ஜனவரியில் ரமலான் சீசன் தொடங்க இன்னும் சில வாரமே இருந்தது. வருஷத்து ஆர்டரில் பாதி அப்போதுதான் வரும். சீசன் முடிந்ததும் ஃபேமிலி விசாவுக்குப் போட்டு மனைவியையும் மகளையும் கூட்டிவருவதாக இருந்தார். முதலாளியும் வாய்வார்த்தையாகச் சரி சொல்லியிருந்தார். எல்லாம் அந்தக் கையின் மேல் நின்றது.

முதலில் நாங்கள் மர அம்புகள் வைத்திருந்தோம். மரத் தண்டில் விறைப்பை வில்லின் பவுண்டிலேயே எழுதியிருப்பார்கள். ஐம்பது பவுண்டு வில்லுக்கு ஐம்பது, அறுபதுக்கு அறுபது. எண் கூடினால் விறைப்பு கூடும். அதைத்தான் நான் கற்றுக்கொண்டேன். ஆனால் இந்த ஊர் மரத்துக்கு ஆகாது. ஏசி ரூமிலிருந்து காருக்கு, காரிலிருந்து வெயிலுக்கு என்று மாற்றி மாற்றி, தண்டெல்லாம் வெண்டைக்காய் மாதிரி கோணிக்கொண்டன. டிசம்பரில் ஒரு நாள் மாஸ்டர் விட்ட அம்பு நுரை ஓரிக்ஸின் காலுக்குள் இருந்த இரும்புக் கம்பியில் பட்டு நீளவாக்கில் பிளந்தது. முப்பது கஜத்துக்கு அப்பால், ஒருவருக்கும் ஒன்றும் ஆகவில்லை. மாஸ்டர் சிரித்தார். எனக்குத்தான் அந்தச் சத்தம் காதிலேயே நின்றுவிட்டது. இதுவே கைக்குப் பக்கத்தில் பிளந்திருந்தால்?

"இனி மரம் வேண்டாம் மாஸ்டர். கார்பன் போடலாம். பொறுப்பு என்னோடது," என்றேன்.

விற்பவனின் இணையப் பக்கத்தில் ஐநூறு, அறுநூறு, எண்ணூறு என்று மூன்று வகைத் தண்டுகள் இருந்தன. கூடவே ஓர் அட்டவணை. மாஸ்டரின் வில்லுக்கும் இழுப்புக்கும் அது ஐநூறு என்றது. நான் அங்கே நிறுத்தியிருக்கலாம். ஆனால் எனக்குள் அந்த எக்ஸ்ரே இருந்தது. எங்கள் தொழிலில் கணக்கு ஒன்று சொன்னால் பாதுகாப்புக்கு அதன் மேல் ஒன்றரை மடங்கு வைப்போம். காலேஜிலிருந்து கையில் ஊறிய பழக்கம். ஐநூறை ஒன்றரையால் பெருக்கினால் எழுநூற்று ஐம்பது. அதற்கு மேலே இருப்பது எண்ணூறு. வாங்கினேன். இத்தனை விறைப்பு இருக்கிறதே, தாங்கும் என்று கனமான பித்தளை முனை போட்டேன். நீளத்தையும் குறைக்காமல் முழுசாக விட்டேன். மூன்று சாயங்காலம் உட்கார்ந்து இறகு ஒட்டினேன், இரண்டு மஞ்சள், ஒன்று சிவப்பு. அத்தனை கவனமாக நான் வேறெதையும் செய்ததில்லை.

"எண்ணூறா?" என்றார் மாஸ்டர் ஃபோனில். "என் வில்லு அம்பதுதானேங்க?"

"எண்ணூறுன்னா செம ஸ்ட்ராங் மாஸ்டர். யானை வந்து இழுத்தாலும் ஒண்ணும் ஆகாது."

"யானைக்கு அபாயா தைக்கச் சொல்லாம விட்டாச் சரி."

வியாழக்கிழமை, துணி ஏற்ற ஷார்ஜாவுக்கு வந்த அவர் கடை வேனில் ஆறையும் கொடுத்தனுப்பினேன்.

சனிக்கிழமை எங்களுக்கு டூட்டி உண்டு. பன்னிரண்டரை மணி இருக்கும். ஒரு ட்ரேயை இரண்டு தாங்கிகளின் மேல் வைத்து எடை ஏற்றிக்கொண்டிருந்தோம். அளவுமானியைப் படிப்பவர் ஒரு பிகார்க்காரர். என் அப்பா வயது. எண்ணைச் சத்தமாகச் சொல்வார், நான் எழுதுவேன்.

"பாரா... சௌதா... அட்டாரா," என்றார். பன்னிரண்டு, பதினாலு, பதினெட்டு. பிறகு அவரே உதட்டைப் பிதுக்கி, "நம்பர் படா ஹோ கயா சாப். கம்ஸோர் மால்," என்றார்.

எண் பெருசாகிவிட்டது, பலவீனமான சரக்கு.

ரிஜெக்ட் என்று எழுதப்போன பேனா பாதியில் நின்றது. எண் பெருசானால் பலவீனம். ஏனென்றால் அது தொய்வின் எண். அட்டவணைக்குக் கீழே சின்ன எழுத்தில் ஏதோ இருந்தது, நான் படிக்கவில்லை. ஃபோனை எடுத்தேன். அந்த இணையப் பக்கத்தைத் திறந்து அதைப் படித்தேன். கார்பன் தண்டின் எண், இரண்டு தாங்கிகளுக்கு நடுவில் எடை தொங்கவிட்டால் அது எத்தனை தொய்கிறது என்பதன் எண். ஐநூறு என்றால் அரை அங்குலத் தொய்வு. எண்ணூறு என்றால் முக்காலுக்கும் மேல். மரத்துக்கு நேர் எதிர். நான் மாஸ்டருக்குக் கொடுத்தனுப்பியது அந்த வில்லுக்கு வரவே கூடாத துவளும் தண்டு. கனமான முனை இன்னும் துவள வைக்கும். குறைக்காத நீளம் அதற்கும் மேல். பயந்து பயந்து நான் சேர்த்த ஒவ்வொன்றும் அவர் கையை நோக்கியே போயிருந்தது.

கூப்பிட்டேன். மணி அடித்துக்கொண்டேயிருந்தது. மெஷின் ஓடும்போது அவர் ஃபோனை மேஜைக்குள் போட்டுவிடுவார். விரலை இழக்க ஆசையில்லை என்பார். மெசேஜ் போட்டேன்: அம்பு விடாதீங்க. ஒற்றை டிக்.

ஷிஃப்ட் சூப்பர்வைசர் மலையாளி. பையை எடுத்துக்கொண்டு ஓடுவதைப் பார்த்து, "எவிடே போகுன்னு? ஹாஸ்பிடல் கேஸோ?" என்று கத்தினார்.

"இன்னும் இல்ல சேட்டா," என்றேன். சொல்லிக்கொண்டே கார் சாவியைத் தேடினேன்.

ஷார்ஜாவிலிருந்து அல் ஐனுக்கு ஒன்றே முக்கால் மணி நேரம். மாஸ்டரின் கடை ஒரு மணிக்கு அடைத்து நாலரைக்குத் திறக்கும். இடையில் தொழுகை, சாப்பாடு, பிறகு வில். கிளப்பில் திடல் இரண்டரைக்குத் திறக்கும். காரை எடுத்துக்கொண்டே கணக்குப் போட்டேன். போய்விடலாம் மாதிரியும் இருந்தது, போகமுடியாது மாதிரியும் இருந்தது.

பல தடவை அடித்த பிறகு, ஒன்றேகாலுக்குக் கடை லேண்ட்லைனை அங்கே தைக்கும் தமிழர் ஒருவர் எடுத்தார்.

"மாஸ்டரா? இப்பத்தான் பள்ளிவாசலுக்குப் போனாரு. அப்படியே வில்லுக்குப் போறேன்னு சொன்னாரு. புது அம்பு வந்திருக்குல்ல, புது மாப்ள சட்டை மாதிரி எடுத்து எடுத்து வெச்சுப் பாக்குறாரு."

"அண்ணே, அவர் வந்தா அம்பைத் தொட வேணாம்னு சொல்லுங்க."

"இனி எங்க வர்றாரு? நாலரைக்குத்தான். ஏன், விஷம் கிஷம் தடவிட்டீங்களா?" என்று சிரித்தார்.

தொழுகைக்கு ஃபோனை அணைப்பார். கிளப்பில் ஃபோனை வாசலிலேயே வாங்கி வைத்துவிடுவார்கள். இனி அவருக்கு என் குரல் போய்ச் சேர வழியே இல்லை. கிளப் நம்பரில் பதிவு செய்த அரபிக் குரல் ஒன்று நிதானமாகப் பேசி முடித்து, மறுபடி முதலிலிருந்து தொடங்கியது.

எமிரேட்ஸ் ரோட்டைத் தாண்டி அல் ஐன் ரோட்டில் இறங்கியதும் இரண்டு பக்கமும் சிவப்பு மணல். காற்று மணலைத் தரையோடு தரையாக ரோட்டின் குறுக்கே இழுத்துக்கொண்டிருந்தது. எனக்கு ரோடு தெரிந்ததைவிட அந்தக் கைதான் அதிகம் தெரிந்தது. மாஸ்டர் பிடியை எடுக்கிறார். வைக்கிறார். இழுக்கிறார். அவர் விடுவதை நினைக்க மறுக்கிறேன், மறுபடி முதலிலிருந்து எடுக்கிறார். இத்தனைக்கும் நடுவில், ஒவ்வொரு ரேடார் கம்பம் வரும்போதும் என் கால் தானாக வேகத்தைக் குறைத்தது. அந்தக் குறைப்பை நினைத்துப் பின்னால் பல நாள் வெட்கப்பட்டிருக்கிறேன்.

கிளப் போய்ச் சேரும்போது மூன்றாகப் பத்து நிமிஷம். மாஸ்டரின் சைக்கிள் வேலியோரம் சாய்ந்திருந்தது. வரவேற்பில் பாகிஸ்தான்காரர் ஒருவர் எப்போதும் இருப்பார். திடலுக்கும் அவரே பொறுப்பு. விசில் அவர் கழுத்தில்தான் தொங்கும். அன்று கண்ணாடிக் குவளையில் டீயோடு உட்கார்ந்திருந்தார்.

"அரே பாய், ஃபோன்! ஃபோன் இதர் ரக்கோ!"

மேஜையில் ஃபோனை எறிந்தேன். எக்ஸ்ரேயைப் பார்க்காமல் ஓடினேன். அவர் பின்னால் எழுந்திருக்கும் சத்தம் கேட்டது.

திடலில் மாஸ்டர் மட்டும்தான். கோட்டில் நின்றிருந்தார். முதுகு என் பக்கம். வில் உயர்ந்து, நாண் கன்னத்துக்கு வந்து, முழு இழுப்பில் நின்றது. தண்டின் மேல் வெள்ளையில் எண்ணூறு என்ற அந்த மூன்று இலக்கம் இருபதடி தூரத்திலிருந்து எனக்குத் தெரிந்தது என்று சத்தியம் பண்ணுவேன், தெரிந்திருக்க முடியாது.

கத்த வாயைத் திறந்து, மூடினேன். முழு இழுப்பில் இருப்பவரைத் திடுக்கிட வைத்தால் விரல் தானாக விட்டுவிடும். கத்தினாலும் விடுவார், கத்தாவிட்டாலும் விடுவார். அதற்குள் நான் எப்போதாவது இவ்வளவு பயந்திருக்கிறேனா என்று ஓர் அசட்டுக் கேள்வி வேறு வந்து நின்றது. ஆரம்ப நாட்களில் அவருக்குக் கை நடுங்கும்போதெல்லாம் நான் பக்கத்தில் நின்று ஒரு வார்த்தை சொல்வேன். அதைக் கேட்டால் விடாமல் நாணை மெதுவாகத் திருப்பிக் கொண்டுவருவார். அந்த வார்த்தையை, அந்தப் பழைய குரலில், ஒன்றுமே நடக்காத மாதிரி சொல்ல வேண்டும்.

"இறக்குங்க மாஸ்டர்."

என் காதுக்கே அது வேறு யாரோ சொன்ன மாதிரி இருந்தது. அவர் தோள் அசைந்தது. ஒரு மூச்சு. நாண் கன்னத்தை விட்டு அங்குலம் அங்குலமாக முன்னால் போனது. வில் தாழ்ந்தது.

திரும்பிப் பார்த்து, "யாரு... இன்ஜினியரா! என்ன, லீவா? மூஞ்சி ஏன் வெளிறிக் கெடக்கு?" என்றார்.

"இது எத்தனாவது அம்பு?"

"ரெண்டாவது சுத்து. ஆறையும் ஒருக்கா விட்டாச்சு." நுரை மானைக் காட்டினார். "எல்லாம் வலப் பக்கமாப் போவுது. உங்க அம்புல தப்பிருக்காது, நம்ம கைதான் கோணுதுன்னு, காலை மாத்தி மாத்தி நின்னு பாக்குறேன்."

வலப் பக்கம். துவளும் அம்பு வலது கைக்காரருக்கு வலப் பக்கம்தான் போகும். அம்பு ஆறு தடவை அவரிடம் சொல்லியிருக்கிறது. என் மேல் வைத்த நம்பிக்கையில் அவர் தன் காலைத் திருத்திக்கொண்டிருந்திருக்கிறார்.

நாணிலிருந்த அம்பைக் கையில் வாங்கினேன். இரண்டு முனையையும் பிடித்து, காதுக்குப் பக்கத்தில் வளைத்து, சுழற்றி, மறுபடி வளைத்தேன். வெடித்த கார்பன் நொறுங்கும் சத்தம் போடும் என்று படித்திருந்தேன். காற்றும் என் மூச்சும்தான் கேட்டது. ஒன்றும் இல்லை. ஒரு நிமிஷம் எனக்குள் என்னவெல்லாம் ஓடியது தெரியுமா? ஒன்றும் ஆகவில்லையே. எடுத்துக்கொண்டு போய்விடலாம். கடைக்காரன் தப்பான சரக்கை அனுப்பிவிட்டான் என்று சொல்லலாம். அந்த வாக்கியம் நாக்கு நுனி வரை வந்துவிட்டது.

"என்னத்தத் தேடுறீங்க?"

"வெடிப்பு."

"கண்ணாலயா?" என்றார். சட்டைப் பையிலிருந்து ஒரு துண்டு கறுப்பு ஷிஃபானை எடுத்தார். கடைத் துண்டு, கண்ணாடி துடைக்க வைத்திருப்பது. "மேஜையில ஊசி முனை அளவு பிசிறு இருந்தாலும் இந்தத் துணி இழுத்துக்கும். ஒரு பீஸு போச்சுன்னா மொதலாளி நம்மள இழுத்துக்குவாரு. அதனால மேஜைய நாங்க துணியாலதான் தடவிப் பாக்குறது."

தண்டைச் சுற்றித் துணியைப் பிடித்து, முனையிலிருந்து இறகு வரை ஓர் இழுப்பு இழுத்தார். பட்டு மாதிரி போனது. தண்டைக் கொஞ்சம் திருப்பி மறுபடி இழுத்தார். போனது. மூன்றாவது தடவை, முனையிலிருந்து நாலு விரல்கடை தள்ளி, துணி நின்றது.

மெல்ல எடுத்துப் பார்த்தார். ஷிஃபானில் ஒரு நூல் இழுபட்டுச் சுருங்கியிருந்தது. அந்த இடத்தில் தண்டின் மேல் மயிர் போன்ற ஓர் இழை எழும்பி நின்றது. முழு இழுப்பில் அந்த இடம் எங்கே இருக்கும் என்று எனக்குத் தெரியும். அவருக்கும் தெரிந்தது. இடது கையைப் பார்த்தார். கட்டைவிரலின் அடிச் சதைக்கு நேர் மேலே.

"இதயா இழுத்து நின்னேன்?"

"ஆமா மாஸ்டர்." பிறகு எல்லாவற்றையும் சொன்னேன். கடைக்காரனை இழுக்கவில்லை. எண் தலைகீழ் என்றேன், நான் படிக்கவில்லை என்றேன், ஒன்றரை மடங்கு என்றேன். வேகமாகச் சொன்னேன், நிறுத்தினால் அழுதுவிடுவேன் போலிருந்தது.

அவர் தண்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டே கேட்டார். முடிந்ததும், "அட்டவணையில ஐநூறுன்னுதான் இருந்துச்சா?" என்றார்.

"ஆமா."

"பொறவு ஏன் எண்ணூறு?"

"சேஃப்டிக்கு."

அவர் சிரிப்பார் என்று எதிர்பார்த்தேன். சிரிக்கவில்லை. "சொன்னா எனக்குப் புரியாது. அளந்து காட்டுங்க," என்றார். கழுத்தில் அங்குல டேப் எப்போதும்போலத் தொங்கியது. ஓய்வு நேரத்திலும் அதைக் கழற்றமாட்டார்.

இரண்டு பிளாஸ்டிக் நாற்காலிகளை இழுத்துப்போட்டு, கைப்பிடிகளுக்கு நடுவில் இருபத்தெட்டு அங்குலம் அளந்து, தண்டைக் குறுக்கே வைத்தேன். ஒரு லிட்டர் தண்ணீர் பாட்டிலில் மூன்று நாலு மடக்குக் குடித்துவிட்டால் எடை ஏறக்குறைய சரியாக வரும். குடித்தேன். நூலில் பாட்டிலைக் கட்டி நடுவில் தொங்கவிட்டேன். தண்டு சட்டென்று குனிந்தது. மாஸ்டர் குனிந்து, டேப்பைப் பிடித்து, கட்டிங் மேஜையில் பார்ப்பதுபோல ஒரு கண்ணை மூடிப் பார்த்தார். முக்கால் அங்குலத்துக்கு மேலே ஒரு நூல். அவருடைய பழைய மர அம்பு ஒன்று கோணலாக லாக்கரில் கிடந்தது. அதை எடுத்துவந்து வைத்தோம். அரை அங்குலம்.

விசில்காரர் பின்னாலேயே வந்து நின்றிருந்தார். குனிந்திருந்த தண்டைப் பார்த்து, "மச்லி பகட்னே கா டண்டா ஹை க்யா?" என்றார். மீன் பிடிக்கிற குச்சியா இது? பிறகு ஷிஃபானை வாங்கிப் பார்த்தார். சிரிப்பு போய்விட்டது. ஆறு அம்புகளையும் பொறுக்கி, முழங்காலில் வைத்து ஒவ்வொன்றாக உடைத்துக் குப்பைத் தொட்டியில் போட்டார். இரண்டாவது உடைந்தபோது மாஸ்டர் கண்ணை மூடிக்கொண்டதைப் பார்த்தேன்.

நாலேகாலுக்கு அவரைக் கடைக்குக் கூட்டிப்போனேன். சைக்கிளை டிக்கியில் பாதி வெளியே தொங்கப் போட்டுக் கட்டினோம். வழி முழுக்க வலது கையால் இடது கட்டைவிரலின் அடியை அமுக்கிக்கொண்டே வந்தார். திட்டுவார் என்று காத்திருந்தேன். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

கடைக்குள் போனதும் கறுப்புத் துணி அடுக்கு தயாராக இருந்தது. மெஷினைப் போட்டார். இடது கை கத்திக்கு முன்னால் விரிந்தது, ஊர்ந்தது. கத்திக்கும் சுண்டுவிரலுக்கும் இரண்டு விரல்கடைதான் இடைவெளி. என்னால் பார்க்க முடியவில்லை. வாசல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

மெஷினை நிறுத்தினார். "இதுக்கா பயப்படுறீங்க?" என்றார். "இந்தக் கத்தி எங்க இருக்குன்னு எனக்குத் தெரியும். பதினாலு வருஷமா தெரியும். அந்த அம்புக்குள்ள கத்தி இருந்ததே எனக்குத் தெரியாது இன்ஜினியரே. அதான்."

அவ்வளவுதான் அவர் கோபம். எனக்கு அது இன்றைக்கும் போதும்.

இரண்டு வாரம் அவர் வில் பக்கமே போகவில்லை. நானும் கேட்கவில்லை. பிறகு ஒரு சனிக்கிழமை அவரே கூப்பிட்டு, "வாங்குனீங்களா, இல்லியா?" என்றார். வாங்கியிருந்தேன். ஐநூறு. ஃபேக்டரியில் டூட்டி முடிந்ததும் அளவுமானியில் வைத்து ஆறையும் தொங்கவிட்டு, பிகார்க்காரரைச் சத்தமாகப் படிக்கச் சொல்லி எழுதிக்கொண்டேன். அவர் ஏனென்று கேட்கவில்லை. ஆறும் முடிந்ததும், "அச்சா மால்," என்றார். கனமான முனையைக் கழற்றி அட்டவணை சொன்ன முனையைப் போட்டேன். ஒன்றரை மடங்கு எதற்கும் வைக்கவில்லை. அந்த எழுத்தைவிடச் சின்ன எழுத்து எங்கே இருக்கிறது என்று தேடித் தேடிப் படித்தேன்.

திடலில் மாஸ்டர் ஒவ்வொரு தண்டையும் ஷிஃபானால் இழுத்துப் பார்த்தார். ஒன்றிலும் நிற்கவில்லை. வில்லுக்கு நாண் பூட்டினார். பூட்டிவிட்டு அதை என்னிடம் நீட்டினார்.

"மொத அம்பு நீங்க."

"நானா? எனக்கு அம்பது பவுண்டெல்லாம்..."

"அம்புதானே நீங்க செஞ்சது. இனிமே எத்தனை செஞ்சாலும் ஒவ்வொண்ணையும் மொதல்ல உங்க கை மேலதான் விடணும். பொறவு நான்."

நியாயம்தான். வில்லை வாங்கினேன். பிடி அவர் கைக்கு வழவழப்பாகத் தேய்ந்திருந்தது. என் கையில் அது நழுவியது. அம்பைப் பூட்டினேன். கணக்கு சரி என்று எனக்குத் தெரியும், மூன்று தடவை பார்த்திருக்கிறேன். தெரிந்து என்ன? இழுத்தேன். தண்டு கட்டைவிரலின் மேல் ஊர்ந்து பின்னால் வந்தது. அதன் குளிர்ச்சி தெரிந்தது. அந்த எக்ஸ்ரேயின் கோடுகள் ஒவ்வொன்றும் எங்கே எங்கே இருக்குமென்று என் சதைக்கு அப்போது தெரிந்தது. விட முடியவில்லை. கை உதறத் தொடங்கியது.

"இறக்குங்க," என்றார் பின்னாலிருந்து, என் குரலில்.

இறக்கினேன். மறுபடி இழுத்தேன். மறுபடி இறக்கச் சொன்னார். அவர் சொல்லாவிட்டால் நான் அப்படியே நின்றிருப்பேன். மூன்றாவது தடவை அவர் ஒன்றும் சொல்லவில்லை. காற்று நின்றிருந்தது. விரல் விட்டது.

நாண் அடித்த சத்தத்தில் கண் மூடிவிட்டது. திறந்தபோது முதலில் இடது கையைத் திருப்பி, கட்டைவிரலின் அடியைப் பார்த்தேன். பிறகு உள்ளங்கையை. மறுபடி கட்டைவிரலை.

"அம்பைப் பாருங்க இன்ஜினியரே," என்றார் மாஸ்டர். "கை இருக்கு."

மான் பக்கம் பார்த்தேன். அம்பு மானில் இல்லை. அதைத் தாண்டி மணல்மேட்டில் குத்தி நின்றது. நேராகத்தான் போயிருந்தது, உயரம்தான் தப்பு. அது என் தப்பு, அம்பின் தப்பு இல்லை. ஆனாலும் இன்னும் ஐந்து மிச்சம் இருந்தன. இரண்டாவதை எடுத்து என் கையில் கொடுத்தார்.